மதுரையின் கடல்வாயில்

மதுரை மாநகரம் கடற்கரையில் அமைந்ததன்று. வைகையாற்றின் கரையில், நெல்வயலும் தோப்பும் கண்மாயும் சூழ்ந்த சமவெளியின் நடுவே அது வீற்றிருக்கின்றது. ஆனைமலையும் நாகமலையும் பசுமலையும் அதற்குக் காவலர்போல நிற்கின்றன. மாசி வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் நடந்து வளரும் மதுரைச் சிறுவன் ஒருவன் கடலைக் காண விரும்பினால், கிழக்கே இராமேசுவரத்திற்கோ தெற்கே தூத்துக்குடிக்கோ நெடுந்தொலைவு பயணம் செய்தல் வேண்டும்.

எனினும், மதுரையின் செல்வம் அந்நாள் தொட்டு இந்நாள்வரை கடல்வழியே வந்தும் சென்றும் பெருகியதாகும். பாண்டியர் காலத்தில் முத்தும் குதிரையும் கடல்வழியே போந்தன. பிற்காலத்தில் பஞ்சும் நூலும் துணியும் அவ்வழியே சென்றன. ஆகவே கடலில்லா நகரத்திற்கும் கடல்வாயில் ஒன்று வேண்டும் என்பது தெளிவு. வீட்டின் அறைகள் எத்துணை அகன்றிருப்பினும் தலைவாயில் குறுகியதாயின், பெரிய பொருள் எதனையும் உள்ளே கொண்டுசெல்ல இயலாது. துறைமுகத்தின் நிலையும் அத்தகையதே. கப்பல் நிற்கும் இடம் விரிந்திருந்தால் மட்டும் போதாது. கப்பல் நுழையும் வாயில் அகலமும் ஆழமும் உடையதாக இருத்தல் வேண்டும். அவ்வாயிலைக் காத்தவர் வாழ்ந்ததும், காவாதவர் தாழ்ந்ததும் பாண்டிநாட்டு வரலாற்றில் எழுதப்பட்டிருக்கின்றன.

கண்மாய் கற்பிக்கும் பாடம்

துறைமுகத்தைக் காணாத மாணவரும் கண்மாயைக் கண்டிருப்பர். மதுரையைச் சுற்றி வண்டியூர்க் கண்மாய், மாடக்குளம் கண்மாய் முதலிய நீர்நிலைகள் பல உள்ளன. மழைக்காலத்தில் வரத்துக் கால்வாய்களின் வழியே நீர் வருகின்றது. நீரோடு மண்ணும் வருகின்றது. நீர் பாசனத்திற்குப் போய்விடும். மண் அடியில் தங்கிவிடும். ஆண்டுதோறும் விரற்கடை அளவே படிந்தாலும், ஒரு தலைமுறைக்குள் கண்மாய் மேடிட்டுப் போகும். பிறகு எத்துணை மழை பெய்தாலும் நீர் நிற்க இடமின்றிக் கலுங்கு வழியே வழிந்தோடிவிடும்.

இதனை நன்குணர்ந்த நம் முன்னோர், கோடையில் கண்மாய் வற்றியவுடன் ஊர்கூடித் தூர் வாரினர். வாரிய வண்டலை வயலுக்கு எருவாக இட்டனர். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து செய்த அப்பணி குடிமராமத்து எனப்பட்டது. அது செய்த ஊர் செழித்தது. செய்யாத ஊர் வறண்டது. கண்மாயில் நேர்வதே துறைமுகத்திலும் நேர்கின்றது. வேற்றுமை யாதெனின், கண்மாயின் அடித்தரை கோடையில் கண்ணுக்குத் தெரியும். கடலின் அடித்தரை என்றும் தெரியாது. ஆதலால் கடலில் விழிப்பு இருமடங்கு வேண்டும்.

கொற்கையின் வீழ்ச்சி

பாண்டியரின் பழைய துறைமுகம் கொற்கை. பொருநை எனப்படும் தாமிரபரணி கடலொடு கலந்த இடத்தில் அது விளங்கிற்று. அங்கே குளித்தெடுத்த முத்தின் புகழ் கடல் கடந்த நாடுகளிலும் பரவியிருந்தது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் அதனைக் குறிக்கின்றது. தாலமி என்னும் நிலநூலறிஞரும் தம் நூலில் அதன் பெயரைச் சேர்த்துள்ளார்.

அத்தகைய கொற்கை இன்று எங்கே? கடற்கரையில் இல்லை. கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயல்களின் நடுவே ஒரு சிற்றூராக அது அமைந்துள்ளது. அலை மோதிய இடத்தில் இன்று நெற்கதிர் அசைகின்றது. பகைவர் எவரும் படையெடுத்து வந்து அத்துறைமுகத்தை அழித்திலர். அதற்கு வாழ்வளித்த பொருநையாறே அதன் வாழ்வை முடித்தது. ஆண்டுதோறும் ஆறு கொணர்ந்த வண்டல் வாயிலில் படிந்தது, வாயில் மேடாயிற்று, மேடு திடலாயிற்று, கடல் விலகிச் சென்றது. கப்பல்கள் வேறிடம் நாடின.

கொற்கைக்குப் பின் காயல் துறைமுகமாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்துப் பயணி, அரபு நாட்டிலிருந்து குதிரைகள் காயலில் வந்திறங்கியதைக் குறித்துள்ளார். அக்காயலும் பொருநையின் வண்டலால் தூர்ந்தது. அவ்வூர் இன்று பழையகாயல் என்னும் பெயரோடு நிற்கின்றது. பெயரிலேயே அதன் முதுமை விளங்குகின்றதன்றோ? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்து, இவ்வரலாற்றை உலகிற்கு விளக்கினார்.

வைகையின் கதையும் இதற்கு அயலானதன்று. அவ்வாற்று முகத்திற்கு அருகே அழகன்குளம் என்னும் ஊரில் நிகழ்ந்த அகழாய்வுகளில் உரோம நாட்டுக் காசுகளும் மட்கலங்களும் கிடைத்துள்ளன. கப்பலின் உருவம் கீறப்பட்ட ஓடும் அங்கே கிடைத்தது. ஒரு காலத்தில் அயல்நாட்டு வாணிகம் அங்கே நடைபெற்றமைக்கு இவை சான்றாகும். இன்று அவ்வூரை நோக்கிப் பெருங்கப்பல் எதுவும் வருவதில்லை.

பாம்பனில் வெட்டிய வழி

வாயில் தூர்ந்தால் வேறிடம் தேடுவது பழையோர் வழக்கம். வாயிலையே வெட்டித் திருத்துவது பிற்காலத்தார் முயற்சி. பாண்டிநாட்டுக் கடலில் அம்முயற்சி பாம்பனில் தொடங்கிற்று. இராமேசுவரம் தீவிற்கும் பெருநிலத்திற்கும் இடையே குறுகிய நீரிணை ஒன்று உள்ளது. பாறையும் மணலும் நிறைந்த அவ்வழியில் சிறு தோணிகளே செல்ல முடிந்தது. இராமநாதபுரச் சீமை அந்நாளில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது.

1822ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் இளம் பொறியாளர் இவ்வழியை அளந்து ஆராய்ந்தார். பின்னாளில் காவிரியிலும் கோதாவரியிலும் அணைகள் கட்டிப் பெரும்புகழ் பெற்றவர் இவரே. அதன்பின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தும் மணலை அள்ளியும் வழி ஆழமாக்கப்பட்டது. ஏறக்குறைய 80 அடி அகலமும் 14 அடி வரை ஆழமும் உடைய கால்வாய் உருவாயிற்று. கரையோரக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் செல்ல வழி பிறந்தது.

ஆயினும் இவ்வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் ஆண்டுதோறும் பெரியனவாக வளர்ந்தன. 14 அடி ஆழம் நேற்றைய கப்பலுக்குப் போதியதாயிருந்தது. நாளைய கப்பலுக்குப் போதவில்லை. இன்றைய கப்பலை மட்டும் எண்ணி வாயிலை வெட்டுவோர் விரைவில் மீண்டும் மண்வெட்டியைக் கையிலெடுக்க நேரும் என்பது பாம்பன் கற்பிக்கும் பாடமாகும்.

இக்கடலில் பெருங்கப்பல்களுக்கும் வழி வெட்ட வேண்டும் என்னும் எண்ணம் பிற்காலத்தும் மறையவில்லை. சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் மதுரையிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. இராமர் பாலம் எனவும் ஆதம் பாலம் எனவும் வழங்கும் மணல்திட்டுத் தொடரை வெட்டுவது குறித்து வழக்குகள் எழுந்தன. உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் 2007இல் அவ்விடத்துப் பணி நின்றது. அத்திட்டம் நிறைவேறவில்லை.

கரையை அணுகாத கப்பல்கள்

காயல் தூர்ந்தபின் பாண்டிநாட்டுக் கடல்வாணிகம் தூத்துக்குடியை அடைந்தது. பெரிய ஆற்றின் வண்டல் நேரே வந்து படியாத இடம் அது. கிழக்கே இலங்கைத் தீவு அரணாக நிற்பதால் பெரும்புயலின் வேகமும் அங்கே பெரும்பாலும் தணிந்தே காணப்படும். போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து அதனைக் கைக்கொண்டனர். 1842இல் அங்குக் கலங்கரை விளக்கம் அமைந்தது. 1864இல் மரத்தாலான இறங்குதுறை கட்டப்பட்டது. 1876ஆம் ஆண்டளவில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் புகைவண்டி ஓடலாயிற்று. கரிசற்காட்டுப் பஞ்சும், மதுரை ஆலைகளில் நூற்ற நூலும், உப்பும், நிலாவரை இலையும், பனந்தும்பும் அவ்வழியே ஏற்றுமதியாயின.

இவ்வளவு வாணிகம் நடந்தும் தூத்துக்குடிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. கரையிலிருந்து மூட்டைகளைத் தோணிகளில் ஏற்றி, பாய் விரித்துச் சென்று, அலையில் ஆடும் கப்பலின் அருகே நிறுத்தி, மீண்டும் மேலே ஏற்ற வேண்டும். காற்று மிகுந்த நாளில் தோணி செல்லாது. மழை வந்தால் மூட்டை நனையும். ஒரு பொருள் இருமுறை ஏறி இருமுறை இறங்கியது. கூலியும் காலமும் இருமடங்காயின. தோணித் தொழிலாளர் தம் தோள்வலியாலும் கடலறிவாலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இவ்வாணிகத்தைத் தாங்கினர்.

1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். அக்கம்பெனிக்காகக் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வாங்கப்பட்டன. சொந்தக் கப்பலை நாடு கண்டது. ஆனால் அக்கப்பல் வந்து நிற்பதற்குரிய ஆழ்கடல் துறை அந்நாளில் அங்கில்லை. அக்குறை நீங்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கடலில் எழுந்த மதில்

1964ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள், அப்போதைய இந்தியத் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தூத்துக்குடித் துறைமுகப் பணியைத் தொடங்கி வைத்தார். கடலினுள் பெருங்கற்களைக் கொட்டிக் கொட்டி, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுடையது. இரண்டிற்கும் இடையே 1,275 மீட்டர் அகலத்தில் அமைதியான நீர்ப்பரப்பு உருவாயிற்று. 1974ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கப்பலோட்டிய தமிழருக்கு நாடு செலுத்திய தக்க கடன் அது.

கைகள் இரண்டையும் நீட்டி, விரல்நுனிகளை ஒன்றையொன்று அணுகுமாறு வளைத்தாற்போல அச்சுவர்கள் கடலைத் தழுவி நிற்கின்றன. விரல்நுனிகளுக்கு இடையே விடப்பட்ட இடமே துறைமுகத்தின் வாயில். தொடக்கத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 150 மீட்டர். அந்நாளைய கப்பல்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

வாயில் ஏன் அகல வேண்டும்?

கப்பல்கள் வளர்ந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 52 மீட்டர் உயரமுடையது. இன்றைய சரக்குப் பெட்டகக் கப்பல் ஒன்றின் நீளம் 300 மீட்டர் இருக்கலாம். அஃதாவது தெற்குக் கோபுரங்கள் ஆறினைப் படுக்கவைத்து வரிசையாக அடுக்கினால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. அதன் அகலம் 32 மீட்டருக்கு மேல் இருக்கும்.

32 மீட்டர்க் கப்பலுக்கு 150 மீட்டர் வாயில் போதாதோ என்று மாணவர் வினவலாம். சாலையில் செல்லும் வண்டி சக்கரத்தால் தரையைப் பற்றிக்கொள்கின்றது. கப்பலுக்கு அத்தகைய பற்றுக்கோடு இல்லை. பக்கக் காற்று வீசினால் அது ஒதுங்கும். ஒதுங்காமலிருக்க மாலுமி அதன் முகப்பைக் காற்றின் பக்கம் சற்றே திருப்பிச் செலுத்துவார். அப்போது கப்பல் நேராகச் செல்லாமல் சாய்வாகச் செல்லும். 300 மீட்டர் நீளமுள்ள உடல் சிறிது சாய்ந்தாலும் அது கொள்ளும் இடம் மிகுதியாகும்.

வாயிலிலேயே மற்றோர் இடர் உண்டு. சுவருக்கு வெளியே கரையோர நீரோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே நீர் அமைதியாக நிற்கும். கப்பலின் முகப்பு அமைதியான நீரில் நுழையும் வேளையில், பின்பகுதி ஓடும் நீரில் அகப்பட்டிருக்கும். முன்பகுதி நிற்க, பின்பகுதி தள்ளப்பட, கப்பல் திரும்பிவிட முயலும். இருபுறமும் கற்சுவர் நிற்கும் இடத்தில் இத்திருப்பம் பேரிடராய் முடியும். இதனாலேயே துறைமுகத்தை நன்கறிந்த பைலட் ஒருவர் கப்பலில் ஏறி அதனை வழிநடத்துவார். இழுவைப் படகுகள் அதனைத் தாங்கியும் இழுத்தும் உதவும்.

ஆழத்தின் கணக்கும் நுட்பமானது. நீர்மட்டத்திற்குக் கீழே கப்பல் மூழ்கியிருக்கும் அளவு மிதவை ஆழம் எனப்படும். மிதவை ஆழம் 14 மீட்டர் உடைய கப்பலுக்கு 14 மீட்டர் நீர் போதாது. கப்பல் ஓடும்போது அதன் அடியிலுள்ள நீர் விரைந்து பின்னோக்கிப் பாயும். அதனால் அழுத்தம் குறைந்து கப்பல் சற்றே கீழிறங்கும். வேகம் மிகமிக இறக்கமும் மிகும். அலை எழுந்து விழும்போதும் அடிப்பகுதி தாழும். ஆதலால் மிதவை ஆழத்திற்கு மேலும் நீர் மிச்சமிருத்தல் வேண்டும். சில துறைமுகங்களில் கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டம் பல மீட்டர் உயரும்; பெருங்கப்பல்கள் அந்நேரம் பார்த்து நுழையும். தூத்துக்குடியில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டர் அளவிற்குள் அடங்கும். கடல் தானாக உயர்ந்து தராத ஆழத்தை மனிதன் தோண்டியே பெற வேண்டும்.

இவ்வாறு தோண்டாவிடின் விளைவது யாது? மதுரையில் நூற்ற நூலை ஒரு பெட்டகத்தில் அடைத்து ஐரோப்பாவிற்கு அனுப்புவதாகக் கொள்வோம். லாரி அதனைத் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லும். பெருங்கப்பல் அங்கு வர இயலாதாயின், சிறு கப்பல் அதனைக் கொழும்புத் துறைமுகத்திற்குச் சுமந்து செல்லும். அங்கே இறக்கி, காத்திருந்து, பெருங்கப்பலில் மறுபடியும் ஏற்ற வேண்டும். தூத்துக்குடிச் சரக்குகளில் பல நெடுங்காலம் இவ்வாறே சென்றன. பழைய தோணியின் இடத்தில் சிறு கப்பல் வந்தது. இருமுறை ஏற்றும் துன்பம் மட்டும் மாறவில்லை. அந்தக் கூடுதல் செலவு, பருத்தி விளைவிக்கும் உழவர் முதல் ஆலைத் தொழிலாளர் வரை அனைவர் வருவாயிலும் கைவைக்கின்றது.

அகழ்ந்த வகை

ஆகவே துறைமுகத்தின் ஆழம் படிப்படியாகப் பெருக்கப்பட்டது. 10.7 மீட்டர் மிதவை ஆழமுள்ள கப்பல்கள் வந்த காலம் மாறி, 12.8 மீட்டர்க் கப்பல்கள் வரலாயின. பின்னர் 14.2 மீட்டர்க் கப்பல்களும் வரும் நிலை உண்டாயிற்று. ஏறக்குறைய 150 மீட்டராக இருந்த வாயில் 230 மீட்டராக அகற்றப்பட்டது. இவ்வகலம் மீனாட்சியம்மன் கோயில் வெளிமதிலின் ஒரு பக்க நீளத்தை ஏறக்குறைய ஒத்திருக்கும். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய சரக்குப் பெட்டக முனையம் ஒன்றும் அங்கே திறக்கப்பட்டது.

கடலடியைத் தோண்டும் கப்பல்கள் பலவகைப்படும். மணலும் சேறும் உள்ள இடத்தில், நீண்ட குழாயைத் தரையில் இழுத்துக்கொண்டே சென்று, நீரோடு மண்ணையும் உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்பிக்கொள்ளும் கப்பல் பணிசெய்யும். பாறை உள்ள இடத்தில் அது பயன்படாது. இரும்புப் பற்கள் பதித்த பெரிய வெட்டுத்தலையைச் சுழற்றிப் பாறையை நொறுக்கி, நொறுங்கியதை உறிஞ்சிக் குழாய் வழியே தள்ளும் கப்பல் அங்கே வேண்டும். தூத்துக்குடியின் கடலடியில் கடினமான பாறை உள்ளமையால் பணியும் கடினமாயிற்று. கண்மாயில் வாரிய வண்டல் வயலுக்கு உரமானது போல, துறைமுகத்தில் வெட்டிய மண்ணும் கல்லும் தாழ்ந்த இடங்களை மேடாக்கப் பயன்படும்.

வாயிலை அகற்றுவதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாயில் மிகக் குறுகினால் கப்பல் நுழையாது. மிக அகன்றால் அலை நுழைந்துவிடும். அலை நுழைந்தால் உள்ளே கட்டப்பட்ட கப்பல்கள் ஆடும். சரக்கு இறக்க முடியாது. ஆதலால் எத்துணை அகலம் வேண்டும் என்பதை முன்னரே ஆராய்ந்து முடிவு செய்வர். துறைமுகத்தின் சிறிய மாதிரி உருவை அமைத்து, அதில் நீரை நிரப்பி, செயற்கை அலையை எழுப்பிப் பார்ப்பது இவ்வாராய்ச்சியின் ஒரு முறை. 1916இல் தொடங்கப்பெற்றுப் புனேயில் இயங்கும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டுத் துறைமுகங்கள் பலவற்றிற்கு இத்தகைய ஆய்வுகளைச் செய்து தந்துள்ளது.

கடலுக்குச் செலுத்தும் கடன்

தூத்துக்குடிக் கடல் வெறும் நீர்ப்பரப்பு அன்று. அது மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதி. பவளப் பாறைகளும், கடற்புற்களும், ஆவுளியா என்னும் கடற்பசுவும், எண்ணிறந்த மீனினங்களும் வாழும் இடம். கொற்கைக்குப் புகழ் தந்த முத்துச் சிப்பிகளின் பிறப்பிடமும் அதுவே. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. சுண்ணாம்பிற்காகப் பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்ததும் ஒரு காரணமாக, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. முத்துக்குளிப்பும் 1961ஆம் ஆண்டிற்குப் பின் அங்கு நடைபெறவில்லை.

கடலடியைத் தோண்டும்போது கலங்கும் சேறு பவளத்தின்மேல் படிந்தால், கதிரவன் ஒளி கிட்டாது பவளம் மடியும். மீன்கள் வேறிடம் நாடும். மீன் நீங்கினால் மீனவர் அடுப்பில் நெருப்பு எரியாது. மதுரை ஆலைத் தொழிலாளியின் வாழ்வு அவ்வாயிலை நம்பியிருப்பதைப் போலவே, கரையோர மீனவரின் வாழ்வு அந்நீரின் தூய்மையை நம்பியிருக்கின்றது. ஒருவர் வாழ மற்றவர் வாடுதல் முறையன்று. எந்தப் பருவத்தில் தோண்டுவது, கலங்கிய சேறு பரவாமல் எவ்வாறு தடுப்பது, வாரிய மண்ணை எங்கே இடுவது என்பவற்றை ஆழத்தின் கணக்கோடு சேர்த்தே கணக்கிடல் வேண்டும். மீனவரின் சொல்லையும் கேட்டல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கடலடியைக் கையறிவாலும் வலையறிவாலும் அறிந்தவர் அவர்.

முடிவுரை

துறைமுகத்தின் வாயிலை ஒருமுறை ஆழமாக்கிவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுதல் தவறாகும். அலையும் நீரோட்டமும் ஓய்வதில்லை. அவை கொணரும் மணலும் ஓய்வதில்லை. இன்று தோண்டிய பள்ளத்தில் நாளை மண் படியும். ஆண்டுதோறும் அளந்து, மேடிட்ட இடத்தை வாரிக்கொண்டே இருத்தல் வேண்டும். புதிய வாயிலைத் திறக்கும் நாளில் பெருங்கூட்டம் கூடும். திறந்த வாயிலைத் தூர்ந்து போகாமல் காக்கும் பணியைக் காண எவரும் வருவதில்லை. எனினும் கொற்கை வீழ்ந்தது வாயில் திறப்பார் இல்லாமையால் அன்று. ஆண்டுதோறும் படிந்த வண்டலை வெல்ல வழி இல்லாமையால்.

அந்நாளில் அவ்வண்டலை அகற்றும் கருவி மக்களிடம் இல்லை. ஆதலால் அவர்மேல் குறை கூறுதற்கில்லை. இந்நாளில் கருவி உண்டு, அறிவு உண்டு. இனி வேண்டுவது விடாமுயற்சியே. ஆண்டுதோறும் கண்மாயைத் தூர் வாரிய மதுரை உழவரிடம் அம்முயற்சி இருந்தது. அக்கண்மாய் மடையின் காவலும் கடல்வாயிலின் காவலும் ஒரே அறத்தின் இரு கிளைகளாகும். இரண்டையும் காக்கும் பொறுப்பு, இன்று பள்ளியில் பயிலும் மாணவர் கைக்கு நாளை வந்து சேரும்.

அருஞ்சொற்பொருள்

போந்தன – வந்தன, சென்றன
கலுங்கு – கண்மாயில் மிகுதியான நீர் வழியும் இடம்
தூர்தல் – மண் படிந்து மேடாதல்
அரண் – காவல், பாதுகாப்பு
பற்றுக்கோடு – பிடிமானம், ஆதாரம்

பயிற்சி

1. கொற்கைத் துறைமுகம் வீழ்ந்த காரணத்தை விளக்குக.
2. பாம்பன் கால்வாய் நெடுநாள் பயன்படாமைக்குக் காரணம் யாது?
3. துறைமுக வாயில் மிகக் குறுகினாலும் மிக அகன்றாலும் நேரும் இடர்கள் எவை?
4. மிதவை ஆழத்தினும் மிகுதியான நீர் வாயிலில் வேண்டுவது ஏன்?
5. உங்கள் ஊர்க் கண்மாயையோ குளத்தையோ கண்டு, அது தூர் வாரப்பட்ட வரலாற்றை முதியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.